நகம் வெட்டினாலே அலறும் குழந்தைக்கு

நகவெட்டியைப் பார்த்ததும் சில குழந்தைகள் அலறுவது அடம் இல்லை, தொடு உணர்வு அவர்களுக்கு அவ்வளவு கூர்மை. பெரும்பாலும் லேசாகத் தொட்டால்தான் கூச்சமும் எரிச்சலும், அழுத்திப் பிடித்தால் அடங்கும், அதனால் முதலில் சுவரைத் தள்ளுவது, தலையணைகளைச் சுமப்பது மாதிரி உடம்புக்கு வேலை கொடுக்கிற விளையாட்டு கொஞ்ச நேரம் ஆடட்டும். அப்புறம் குளித்து நகம் ஊறியிருக்கும்போது மடியில் சாய்த்து உட்கார வையுங்கள். ஒவ்வொரு விரல் நுனியையும் நன்றாக அழுத்திவிட்டு, “இப்போ கட்டைவிரல்” என்று சொல்லி வெட்டுங்கள்; திடீரென்று தொட்டால் மிரண்டுவிடும். கையை இழுத்தால் விட்டுவிடுங்கள், ஒரு நாளைக்கு ஒரு விரல் போதும். தூங்கும்போது வெட்டச் சொல்ல மாட்டேன், பழக்கமே வராது. சாப்பாடு, உடை, தூக்கம் எல்லாவற்றிலும் இதே சிரமம் என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளுக்குப் பழக்கிவிடும் சிகிச்சையாளர்) காட்டுங்கள்.