கல்லறைக் கல்வெட்டைக் கேடின்றிப் படியெடுக்கும் முறை

தரங்கம்பாடியின் சீயோன் ஆலயம் 1701-இலும், ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1719-இல் அடக்கம் செய்யப்பட்ட புது எருசலேம் ஆலயம் 1718-இலும் எழுந்தவை. இத்தகைய கடலோர ஆலயங்களின் கல்லறைத் தோட்டங்களில் உப்புக் காற்றின் ஈரம் கல்லுக்குள் ஊறி, காயும்போது உப்பு படிகமாகி, எழுத்தோடு மேற்பரப்பையும் செதில் செதிலாகப் பெயர்த்துவிடுகிறது. படியெடுக்கும் வேலையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடலாகாது.

முதலில் சபைகுருவிடமோ பங்குத்தந்தையிடமோ அனுமதி பெறுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்த்துவிடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளையொட்டிச் சுண்ணாம்பு அடிக்கும் ஊர்களில், அதற்கு முன்பே போய்விடுவது நல்லது.

உதிர்ந்த சருகையும் மணலையும் மென்மையான தூரிகையால் தள்ளினால் போதும். கம்பித் தூரிகை, அமிலம், சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சாக்கட்டியைத் தேய்ப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. அந்தத் தூள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். செதில் எழும்பிய கல்லைத் தூரிகையாலும் தொடாதீர்கள்.

எழுத்தைக் காட்டுவது சாய்வெயில். உச்சிவேளையில் வெறும் பலகையாகத் தெரியும் கல்லில், காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கி, வரி முழுவதும் எழுந்து நிற்கும். வெயில் படாத முகத்துக்கு, ஒருவர் முகம்பார்க்கும் கண்ணாடியால் ஒளியைக் கல்லை ஒட்டினாற்போல் திருப்பிவிட, மற்றவர் படமெடுக்கலாம். ஒளியின் திசையை மாற்றி மாற்றி நான்கைந்து படங்கள் எடுங்கள். ஒன்றில் மறைந்த கோடு இன்னொன்றில் தெரியும்.

வாசிப்பில்தான் பொறுமை வேண்டும். பழைய தமிழெழுத்தில் புள்ளி பெரும்பாலும் இராது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும். எனவே ‘மார்கழி’ என்பது ‘மரரகழி’ போலத் தோன்றலாம். ஆண்டு தமிழ் எண்ணில் இருந்தால், 1798 என்பது ௲௭௱௯௰௮ என அமையும். ‘அ’ போலத் தெரிவது எட்டு, ‘எ’ போன்றது ஏழு, ‘ய’ போன்றது பத்து.

கல்லில் உள்ள வரி முறிவுகளை அப்படியே வைத்து எழுதுங்கள். சிதைந்த எழுத்துக்கு ஒரு புள்ளியிடுங்கள். ஊகத்தைத் தனித்தாளில் குறியுங்கள், ஏனெனில் ஒருமுறை படிக்குள் நுழைந்த ஊகத்தைப் பின்னால் வருபவர் கல்லின் சொல்லாகவே எடுத்துக்கொள்வார். கல்லின் நீள அகலம், அது நோக்கும் திசை, ஆலய வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை என்பவற்றையும் சேர்த்து, ஒரு படியை ஆலயப் பதிவேட்டோடு வைக்கக் கொடுத்துவிடுங்கள்.