ஆர்க்டிக்கின் உச்சிக்கு நீங்களே வரைபடம் போடுவது எப்படி: வாட்கின்ஸ் மலைத்தொடர், ஆர்க்டிக்டெம், க்யூஜிஸ்

கிரீன்லாந்தின் கிழக்குப் பக்கம், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கிறது வாட்கின்ஸ் மலைத்தொடர். ஆர்க்டிக்கிலேயே உயரமான மூன்று சிகரங்களும் இங்கேதான். குன்பியோர்ன் 3,694 மீட்டர். டோம், கோன் என்ற மற்ற இரண்டும் அதைவிட 30 மீட்டர்கூடக் குறையாது. ஊரும் இல்லை, சாலையும் இல்லை. ஆனால் இந்த மலைக்கு இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு நம் ஊர் மலைகள் பலவற்றுக்குக் கிடைப்பதைவிட நுணுக்கமானது. அதை வைத்து வரைபடம் போட்டு, அதிலிருந்தே பாறையைப் படிக்கும் வழிதான் இந்தப் பதிவு. க்யூஜிஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை நிறுவுவதும் அதில் லேயர் சேர்ப்பதும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இடத்தைச் சரியாகப் பிடியுங்கள்

பெயரைத் தட்டித் தேடாதீர்கள். இந்த மலைக்குத் தென்மேற்கே உள்ள பெரிய ஃபியோர்டின் (கடல் புகுந்த பனியாற்றுப் பள்ளத்தாக்கு) பெயர் கங்கர்லுசுவாக். அதே பெயரில் மேற்குக் கரையில் விமான நிலையத்தோடு ஓர் ஊரும் இருக்கிறது. தேடினால் அந்த ஊர்தான் முதலில் வரும். இடையில் மொத்தப் பனிப்பாளமும் கிடக்கிறது. ஆகவே எண்ணாகவே கொடுங்கள்: அட்சரேகை 68.92, தீர்க்கரேகை −29.90. கழித்தல் குறியை விட்டுவிட்டால் பின்லாந்து எல்லைக்கு அருகே ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் போய் நிற்பீர்கள்.

எந்தத் தரவு

விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 60 டிகிரி வடக்கோடு முடிந்துவிடுகிறது, அதனால் இங்கே பயனில்லை. கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் தரவு பரவாயில்லை, ஆனால் பாறை அடுக்குகளைப் பார்க்க அது போதாது. என் தேர்வு ஆர்க்டிக்டெம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் போலார் ஜியோஸ்பேஷியல் சென்டர் வெளியிடுவது. வேர்ல்ட்வியூ வகைச் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டு உயரம் கணக்கிட்டிருக்கிறார்கள். மொசைக் தொகுப்பின் 4.1 பதிப்பை எடுங்கள்.

அதில் 2 மீட்டர், 10 மீட்டர், 32 மீட்டர் என்று அளவுகள் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் ஆசைப்பட்டு 2 மீட்டரில் கை வைக்கிறார்கள். 100 கி.மீ.க்கு 100 கி.மீ. சதுரம் 2 மீட்டரில் 250 கோடி பிக்சல். சுருக்காத நிலையில் 10 ஜிபி. அதே சதுரம் 10 மீட்டரில் 400 எம்பி, 32 மீட்டரில் 40 எம்பிக்குள். 32-இல் எல்லாப் படிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வழி சரியாக வந்தபின் 10-க்குப் போகலாம். 2 மீட்டர் ஒரு தனிப் பாறை முகத்துக்கு மட்டும்.

புரொஜெக்‌ஷன்

புராஜெக்டின் சிஆர்எஸ்-ஐ (ஆயத்தொலைவு முறை) ஈபிஎஸ்ஜி 3413 என்று வையுங்கள். வட துருவத்தை நடுவில் வைத்த போலார் ஸ்டீரியோகிராஃபிக் முறை இது. ஆர்க்டிக்டெம் பிறவியிலேயே இதில்தான் வருகிறது. 70 டிகிரியில் அளவு சரியாக இருக்கும்படி அமைத்திருப்பதால், 68.9 டிகிரியில் இருக்கும் நம் மலையில் பிழை அரை சதவீதத்துக்கும் கீழே.

இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டரில் இதே மலை 2.8 மடங்கு ஊதியிருக்கும். ஊதிய தரையில் உயரம் மட்டும் அப்படியே இருப்பதால் 45 டிகிரி சரிவு 20 டிகிரியாகத் தெரியும். பின்னணிக்கு ஓஎஸ்எம் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்) லேயரைச் சேர்க்கும்போது சிஆர்எஸ், வெப் மெர்கேட்டரின் எண்ணான 3857-க்குத் தாவியிருக்கிறதா என்று வலது கீழ் மூலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடுகளை இறக்குவது, ஒட்டுவது

தரவு ஓடு ஓடாக (டைல்) வெட்டித்தான் கிடைக்கிறது. அவற்றின் டைல் இன்டெக்ஸ் கோப்பை இறக்கி க்யூஜிஸில் போட்டால் ஆர்க்டிக் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். குன்பியோர்ன் உச்சி 3413-இல் ஏறத்தாழ எக்ஸ் 601, ஒய் −2,229 கிலோமீட்டரில் வருகிறது. ஓடுகள் 100 கி.மீ. கட்டங்களில் வெட்டப்பட்டவை, 600-ஆவது கிலோமீட்டர் ஓர் ஓட்டின் விளிம்பு. உச்சி விளிம்பிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான் தள்ளி. உச்சி இருக்கும் ஓட்டை மட்டும் எடுத்தால் மலையின் ஒரு பக்கம் கத்தியால் அறுத்த மாதிரி நின்றுவிடும். மேற்கே உள்ள ஓட்டையும் சேர்த்து எடுங்கள். இன்டெக்ஸில் கட்டத்தைத் தொட்டால் அட்ரிபியூட் பட்டியலில் இறக்கும் முகவரி இருக்கும்.

இரண்டையும் ஒட்ட ராஸ்டர் மெனுவில் பில்ட் விர்ச்சுவல் ராஸ்டர். அங்கே ஒவ்வொரு கோப்பையும் தனித்தனி பேண்டில் வைக்கும் டிக் ஒன்று முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் கறுப்பும் வண்ணமுமாக ஏதோ ஒன்று வரும், உயரம் வராது. தரவில்லாத இடத்தைக் குறிக்கும் நோடேட்டா −9999 என்று இருப்பதையும் சரிபாருங்கள். வெளிவரும் லேயருக்கு ‘உயரம்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், க்யூஜிஸ் ஒன்றும் சொல்லாது.

எல்லோரும் வழுக்கும் படி: உயரம் ஏன் ஒத்துவரவில்லை?

இப்போது ஐடென்டிஃபை கருவியால் உச்சியைத் தொடுங்கள். 3,694-க்குப் பதில் 50 மீட்டருக்கு மேல் கூடுதலாகக் காட்டும். தரவு கெட்டுப்போனதாக நினைத்துத் திரும்ப இறக்குவார்கள், அதே எண் வரும். தரவு சரிதான். அது எங்கிருந்து அளக்கிறது என்பதுதான் வேறு.

ஆர்க்டிக்டெம் சொல்வது எலிப்சாய்டு உயரம். அதாவது பூமியை வழுவழுப்பான ஒரு நீள்கோளமாகக் கற்பனை செய்து, அதன் பரப்பிலிருந்து எடுத்த அளவு. நாம் பேசும் ‘கடல் மட்டத்திலிருந்து’ என்பது ஜியாய்டிலிருந்து எடுக்கும் அளவு. பூமிக்குள் நிறை சமமாகப் பரவியில்லாததால் ஈர்ப்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கடல்பரப்பும் அதற்கேற்ப மேடுபள்ளமாக இருக்கிறது. ஐஸ்லாந்தைச் சுற்றிய வட அட்லாண்டிக்கில் அது ஒரு பெரிய மேடு. கிழக்குக் கிரீன்லாந்து அந்த மேட்டின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. ஓடுகளைக் கடற்கரைவரை எடுத்திருந்தால் இதை நேரில் பார்க்கலாம்: ஃபியோர்டின் தண்ணீரே 50 மீட்டருக்கு மேல் உயரம் காட்டும்.

திருத்தும் வழி ஒரே ஒரு கழித்தல்.

1. ஈஜிஎம் 2008 ஜியாய்டு கிரிட்டை ப்ராஜ் (PROJ) தளத்திலிருந்து இறக்குங்கள். 2.5 நிமிட இடைவெளி உள்ளது போதும்.
2. வார்ப் கருவியால் அதை 3413-க்கு மாற்றுங்கள். பிக்சல் அளவும் எல்லையும் ‘உயரம்’ லேயருடையதாகவே இருக்கட்டும். ரீசாம்பிளிங் பைலீனியர். பெயர் ‘ஜியாய்டு’.
3. ராஸ்டர் கால்குலேட்டரில்: "உயரம்@1" - "ஜியாய்டு@1"

இரண்டாம் படியில் பைலீனியரை விட்டுவிட்டு, முன்னிருப்பான நியரஸ்ட் நெய்பரிலேயே ஓட்டினால் தவறு உடனே தெரியாது. பிறகு சரிவு வரைபடம் போடும்போது, தட்டையான பனியாற்றின் மேல் தெற்கு வடக்காக நாலரைக் கிலோமீட்டருக்கு ஒன்று, குறுக்கே அதைவிட நெருக்கமாக, மெல்லிய கோடுகள் கட்டம் போட்டு நிற்கும். பனி வெடிப்பு என்று சிலர் அதற்கு விளக்கம்கூடச் சொல்லிவிடுவார்கள். பனி வெடிப்பு இவ்வளவு நேராகப் போகாது.

கழித்தலைக் கூட்டலாகப் போட்டால் பிழை இரட்டிப்பாகி நூறு மீட்டரைத் தாண்டும், அது சட்டென்று பிடிபடும். ஆபத்தானது இன்னொன்று: இடத்தையும் உயரத்தையும் சேர்த்துக் குறிக்கும் காம்பவுண்டு சிஆர்எஸ் கொடுத்து ஒரே கட்டளையில் மாற்றும் குறுக்குவழி. ஜியாய்டு கிரிட் கணினியில் இல்லாவிட்டால் அது பிழைச் செய்தி எதுவும் தராமல், உயரத்தைத் தொடாமலே ‘முடிந்தது’ என்று சொல்லிவிடக்கூடும். அதனால்தான் கையால் கழிக்கச் சொல்கிறேன். கழித்தபின் உச்சி 3,694-க்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பின் வந்தால் போதும். 32 மீட்டர் பிக்சல் கூரிய உச்சியைச் சராசரியில் கொஞ்சம் மழுக்கிவிடும்.

வடக்கு மேலே இல்லை

3413-இல் −45 டிகிரி தீர்க்கரேகைதான் செங்குத்தாக நிற்கும். நம் மலை −29.9-இல் இருப்பதால், இங்கே உண்மையான வடக்கு மேலிருந்து இடப்பக்கமாக 15 டிகிரி சாய்ந்திருக்கிறது. லேஅவுட்டில் வடக்கு அம்பு வைக்கும்போது ‘ட்ரூ நார்த்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒளி நிழலால் மேடுபள்ளம் காட்டும் ஹில்ஷேட் கருவிக்கு இது எதுவும் தெரியாது. படத்தின் மேல் விளிம்பைத்தான் வடக்கு என்று எடுத்துக்கொள்ளும். வழக்கப்படி வடமேற்கிலிருந்து ஒளி விழ வேண்டுமானால் 315-க்குப் பதில் 300 கொடுங்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் ஹில்ஷேட்டைப் போர்த்துவதாக இருந்தால் 165 கொடுங்கள், அதாவது உண்மையான தெற்கு. படத்தில் நிழல் ஒரு பக்கம், ஹில்ஷேட்டில் மறுபக்கம் என்று இருந்தால் கண் குழம்பி, முகடு பள்ளமாகத் தெரியும். ஒளியின் உயரக் கோணம் 40 வையுங்கள். இங்கே ஜூனில்கூட நண்பகல் சூரியன் 45 டிகிரியை எட்டாது.

இனி பாறையைப் படிக்கலாம்

10 மீட்டர் தரவுக்கு மாறி ஸ்லோப் (சரிவு) கருவியை ஓட்டுங்கள். வண்ணம் மூன்றே போதும்: 15 டிகிரிக்குக் கீழ், 15 முதல் 35, அதற்கு மேல். பனி மூடாத முகடுகளை நெருங்கிப் பாருங்கள். சரிவு ஒரே சீராக இறங்காது. செங்குத்து, திண்ணை, மறுபடி செங்குத்து, மறுபடி திண்ணை என்று மாடிப்படி மாதிரி இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு லாவா ஓட்டம். 32 மீட்டரில் இது ஏன் தெரியாது என்றால், 20 மீட்டர் தடிப்புள்ள ஓர் அடுக்கு 60 டிகிரி முகத்தில் கிடைமட்டமாகப் பிடிக்கும் இடம் 12 மீட்டர்தான். பிக்சலுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்த மலை மடிப்பு மலை இல்லை. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் பிரிந்து வட அட்லாண்டிக் திறந்தபோது, வெடிப்புகள் வழியே பசால்ட் லாவா பெருகி அடுக்கடுக்காகப் படிந்தது. மொத்தத் தடிப்பு பல கிலோமீட்டர். அதே லாவாத் தொகுதியின் மறுபாதிதான் இப்போது கடலுக்கு அப்பால் இருக்கும் ஃபேரோ தீவுகள். இவ்வகைப் பாறைக்கு ‘டிராப்’ என்ற பெயர் படிக்கட்டைக் குறிக்கும் சுவீடியச் சொல்லிலிருந்து வந்தது. தக்காண டிராப் பாறையை மகாராஷ்டிர மலைகளில் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் புதிதாக இருக்காது. அங்கே ஆறும் மழையும் செதுக்கின, இங்கே பனியாறு. பின்னால் நிலம் உயர்ந்தது. பனியாறுகள் பீடபூமியை அறுத்தன. அறுபடாமல் மிஞ்சியவை சிகரங்களாக நிற்கின்றன.

அடுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் அளக்கலாம். ஒரே திண்ணையைத் தொடர்ந்து போய், சம உயரத்தில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். அவற்றை இணைக்கும் கோடுதான் ஸ்ட்ரைக். அதே திண்ணை வேறொரு முகத்தில் தெரியும் இடத்தில் மூன்றாம் புள்ளி. கோட்டிலிருந்து அது செங்குத்தாக 5 கி.மீ. தள்ளி, 90 மீட்டர் தாழ்ந்திருந்தால், சாய்வு ஒரு டிகிரி. படத்தில் அளந்த திசையோடு 15 டிகிரி கூட்டினால்தான் உண்மைத் திசை. உள்நாட்டு முகடுகளில் சின்னச் சாய்வே வரும். கடற்கரைப் பக்கம் நகர நகர அடுக்குகள் கடலை நோக்கிக் கவிழும். கண்டத்தின் ஓரம் உடைந்து வளைந்த தடம் அது.

படிக்கட்டே இல்லாமல் உருண்டையும் கரடுமுரடுமாக இருந்தால் அது பசால்ட் அல்ல என்று சந்தேகியுங்கள். கங்கர்லுசுவாக் ஃபியோர்டைச் சுற்றி லாவாவுக்குக் கீழே இருந்த மிகப் பழைய, நைஸ் என்ற உருமாறிய பாறை வெளியே தெரிகிறது. அந்த ஃபியோர்டின் வாயருகேதான் ஸ்கேர்கார்ட் என்ற புகழ்பெற்ற ஊடுருவல் பாறையும் (நிலத்தடியிலேயே உறைந்த மாக்மா) இருக்கிறது. அதை 1930களில் ஆராய்ந்த புவியியலாளர் லாரன்ஸ் வேகர், 1935 ஆகஸ்ட் 16 அன்று குன்பியோர்ன் உச்சியை முதன்முதலில் தொட்ட குழுவிலும் இருந்தார். சந்தேகம் தீர்க்க டென்மார்க்கின் ஜியஸ் நிறுவனத்தின் 1:5,00,000 புவியியல் வரைபடத்தை ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள்

பனி வயலின் நடுவில் பருக்கள் மாதிரி மேடு: மலையில்லை. வெறும் வெள்ளைப் பரப்பில் இரண்டு படங்களையும் ஒப்பிட அடையாளம் கிடைக்காமல் மென்பொருள் தடுமாறிய இடம். எத்தனை படத் தொகுப்புகள் சேர்ந்தன என்று சொல்லும் ‘கவுண்ட்’ ராஸ்டர் ஓட்டுடன் வரும், அதைப் பாருங்கள். அது ஒன்று இரண்டு என்று இருந்தால் அந்த உயரத்தை நம்ப வேண்டாம். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் ‘மேட்’ ராஸ்டரில் எண் பெரிதாக இருந்தாலும் அதே கதைதான்.

பனியாற்றின் உயரம் பழைய வரைபடத்தோடு ஒத்துவரவில்லை: ஒத்துவராது. பனி மாறிக்கொண்டே இருக்கிறது, மொசைக்கோ பல ஆண்டுப் படங்களின் கலவை. ஒப்பீட்டுக்குப் பாறையை மட்டும் எடுங்கள்.

கான்டூர் (சம உயரக்) கோடுகள் நடுங்குகின்றன: 10 மீட்டர் தரவில் 20 மீட்டர் இடைவெளி கேட்டால் அப்படித்தான். இடைவெளியை 100 ஆக்குங்கள். கழித்தல் முடிந்த ராஸ்டரிலிருந்து போடுகிறீர்களா என்றும் பாருங்கள். கருவியில் பழைய லேயர் தேர்வாகியிருக்கலாம்.

வெளியிடும்போது ஓரத்தில் போலார் ஜியோஸ்பேஷியல் சென்டரின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். தரவின் உரிமம் அதைக் கேட்கிறது. ‘உயரங்கள் ஈஜிஎம் 2008’ என்று கீழே ஒரு வரியும் போட்டுவிடுங்கள்.