போராட்டத்துல ஆள புடிச்சிட்டாங்களா? வெளிய இருக்கிறவங்க பண்ண வேண்டியது

போராட்டத்துக்கு போறவங்களுக்கு அட்வைஸ் நெறைய கெடைக்குது, தண்ணி எடுத்துட்டு போ, பவர்பேங்க் வெச்சுக்கோன்னு. ஆனா வேன்ல ஏத்திட்டா உள்ள இருக்கிறவங்களால பெருசா எதுவும் பண்ண முடியாது, ஃபோனையும் வாங்கி வெச்சுடுவாங்க, அப்புறம் எல்லாமே வெளிய இருக்கிற ஆள் கையில தான். அதனால குரூப்ல ஒருத்தர் கண்டிப்பா போகாம வீட்லயே இருக்கணும். போறவங்க பேரு, வீட்டு நம்பர், தினமும் போடுற மாத்திரை, ஒரு வக்கீல் நம்பர் எல்லாம் அவர்கிட்ட பேப்பர்ல இருக்கணும். தெரிஞ்ச வக்கீல் யாரும் இல்லனா 15100, இலவச சட்ட உதவி நம்பர்.

நம்ம ஊர் வழக்கம் தெரிஞ்சது தான, புடிச்சு கல்யாண மண்டபத்துல உக்கார வெச்சு பேர் எழுதிக்கிட்டு சாயங்காலம் விட்டுடுவாங்க. இத ஏதோ பெருந்தன்மை மாதிரி பேசுறாங்க, எனக்கு அப்படி தோணல. 2025 ஆகஸ்ட்ல சென்னை மாநகராட்சி ஆஃபீஸ் ரிப்பன் மாளிகை முன்னாடி உக்காந்திருந்த தூய்மைப் பணியாளர்கள நைட்டோட நைட்டா பஸ்ல ஏத்தி வேற வேற இடத்துல கொண்டு போய் வெச்சாங்க, அப்படி பிரிச்சுட்டா யார் எங்கன்னு தேடுறதே பாதி வேலை ஆயிடும்.

மொதல்ல டைம குறிச்சுக்கோங்க. அரசியல் சட்டம் 22வது பிரிவு படி பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். இந்த கடிகாரம் ஆள புடிச்ச நிமிஷத்துலருந்து ஓடுது, ஆனா பேப்பர்ல கைது நேரத்த சில மணி நேரம் தள்ளி எழுதிட்டா நீங்க என்ன சொல்லியும் எடுபடாது, கையில ஏதாவது இருந்தா தான் பேச முடியும். வேன் நம்பர், ஏத்துற போட்டோ, பாத்தவங்க யாருன்னு அப்பவே சேத்து வைங்க. அந்தக் காலத்துல வக்கீலுங்க உடனே கமிஷனருக்கும் ஜட்ஜுக்கும் தந்தி அடிப்பாங்க, அதுல நேரம் பதிவாயிடும்ல, 2013ல தந்தியே போயிடுச்சு, இப்ப அந்த வேலைய ஈமெயில் பண்ணும். எஸ்பி இல்லனா கமிஷனர், கலெக்டர், மாநில மனித உரிமை ஆணையம், எல்லாருக்கும் ஒரே மெயில்: யாரு, எங்க, எத்தன மணிக்கு, எந்த வண்டி. நாலு வரி போதும், அரசியல் விளக்கம் எழுதாதீங்க.

அப்புறம் ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டு ரைட்டர, அதாவது ஸ்டேஷன் பதிவேடு எழுதுற போலீஸ்காரர கேளுங்க. பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ், அதோட 37வது பிரிவு படி கைதானவங்க விவரத்துக்குன்னே ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு அதிகாரி இருக்கணும். கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், இது அரெஸ்ட்டா இல்லையா? "சும்மா வெச்சிருக்கோம் சார்"னு தான் சொல்வாங்க. அந்த "சும்மா"ல தான் எல்லாமே இருக்கு, அரெஸ்ட்னு சொல்லிட்டா காரணம் சொல்லணும், சொந்தக்காரங்களுக்கு தகவல் குடுக்கணும், வக்கீல பாக்க விடணும். சரி, குற்றம் நடக்காம தடுக்க புடிக்கிற முன்னெச்சரிக்கை கைதாவே இருக்கட்டும், அதுக்கான பிஎன்எஸ்எஸ் 170வது பிரிவுலயும் 24 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்கணும்னா வேற சட்டத்துல இடம் இருக்கணும். ராத்திரியில பொண்ணுங்கள புடிச்சா மாஜிஸ்ட்ரேட்கிட்ட முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கினாங்களான்னும் கேளுங்க, அது கட்டாயம் இல்ல வழிகாட்டல் தான்னு சென்னை ஹைகோர்ட் 2025ல சொல்லிருக்கு, ஆனாலும் ஏன் வாங்கலன்னு போலீஸ் விளக்கம் குடுத்தாகணும்.

சாயங்காலமும் விடல, இருக்கிற இடமும் தெரியலன்னா, ஆள கோர்ட் முன்னாடி கொண்டு வரச் சொல்லி ஹைகோர்ட்ல போடுற ஆட்கொணர்வு மனு தான். ரொம்ப அவசரம்னா அன்னைக்கே லஞ்ச் மோஷன்ல, அதாவது மதிய இடைவேளைக்கு அப்புறம் அவசரமா, எடுக்கச் சொல்லி வக்கீல் கேட்பாரு, அந்த மனுவுக்கு முன்னாடி சொன்ன ஈமெயில் தான் முக்கிய ஆவணம்.

ரிமாண்ட், அதாவது மாஜிஸ்ட்ரேட் காவல்ல வைக்க உத்தரவு போடுற கட்டம்னு ஆயிட்டா வக்கீல் நேர்ல அங்க இருந்தே ஆகணும், ஃபோன்ல பேசிக்கலாம்னு விட்டுடாதீங்க. சாத்தான்குளம் போராட்ட கேஸ் இல்ல தான், ஆனா 2020ல ஸ்டேஷன்ல அடி வாங்கின அப்பா ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் ரெண்டு பேருக்கும் டாக்டர் சர்டிபிகேட் வாங்கி, மாஜிஸ்ட்ரேட் ரிமாண்டும் பண்ணி தான் கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பினாங்க, அடுத்தடுத்து ரெண்டு பேரும் செத்துப் போனாங்க. பேப்பர் எல்லாம் சரியா இருந்துச்சு. அடி பட்டிருந்தா மாஜிஸ்ட்ரேட்கிட்ட வாய விட்டு சொல்லணும், காயத்த காட்டணும், அத பதிவு பண்ணச் சொல்லணும்னு போறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் சொல்லி வைங்க. வெத்து பேப்பர்ல கையெழுத்து போட வேணாம்னும் சொல்லுங்க.

விட்டுட்டாங்கன்னு வீட்டுக்கு போய் தூங்கிடாதீங்க. மண்டபத்துல எழுதின பேர் லிஸ்ட் அப்புறமா எஃப்ஐஆர் ஆகி, பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன்லயோ கவர்மெண்ட் வேலை செலக்‌ஷன்லயோ வந்து நிக்கும். தமிழ்நாடு போலீஸ் சைட்ல எஃப்ஐஆர் பாக்கலாம், ரெண்டு மூணு வாரம் விட்டு விட்டு தேடுங்க. அதுல தடை உத்தரவ மீறினதா பழைய ஐபிசி 188, இப்போ அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 223 மட்டும் இருந்தா நல்ல சான்ஸ் இருக்கு, அந்த பிரிவுல போலீஸ் தானா எஃப்ஐஆர் போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி கோர்ட்டுக்கு எழுத்துல புகார் குடுக்கணும்னு 2018ல ஜீவானந்தம் வழக்குல சென்னை ஹைகோர்ட் சொல்லிருக்கு, அத வெச்சு எஃப்ஐஆர ரத்து பண்ணக் கேக்குற குவாஷ் மனு போடச் சொல்லி வக்கீல்கிட்ட கேளுங்க.