சிறுகோள் வருகிறது என்று செய்தி வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 பிப்ரவரியில் ஒரு நாள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி ஒரு செய்தியைப் போட்டிருந்தார். '2032-ல் பூமியைத் தாக்கப்போகும் விண்கல், ஆபத்து அதிகரித்தது' என்று தலைப்பு. கூடவே ஒரு குரல் பதிவு: "பாப்பாவுக்கு அப்போ காலேஜ் போற வயசுடா, நெசமாவே விழுமா?" அந்தக் குரலில் இருந்த பயம் உண்மையானது. அன்று ராத்திரி உட்கார்ந்து அவருக்குப் பதில் எழுதும்போதுதான், இந்த மாதிரி செய்திகளில் நாம் எங்கெல்லாம் வழுக்கி விழுகிறோம் என்பது எனக்கே தெளிவானது.

சொல்லிலேயே முதல் தவறு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் விண்கல் என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் பாறை சிறுகோள். அதிலிருந்து உடைந்த ஒரு துண்டு நம் காற்றுமண்டலத்துக்குள் புகுந்து ஒளிக்கோடு போட்டால் அது எரிமீன். எரிந்தது போக மிச்சம் தரையில் விழுந்து, நாம் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால்தான் விண்கல். 'விண்கல் நெருங்குகிறது' என்று படித்த உடனே அது விழுந்தே விட்டதுபோல ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது, அப்புறம் மீதிச் செய்தியை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை.

அடுத்தது தூரம். 'பூமிக்கு மிக அருகில்', 'மயிரிழையில் தப்பியது' என்றெல்லாம் எழுதியிருந்தால் கிலோமீட்டர் எவ்வளவு என்று தேடுங்கள். நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. 140 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு சிறுகோளின் பாதை, பூமியின் பாதைக்கு 75 லட்சம் கி.மீ.க்குள் வருமானால், அதை 'ஆபத்து விளைவிக்கக்கூடியவை' என்ற பட்டியலில் வானியலாளர்கள் சேர்த்துவிடுவார்கள். 75 லட்சம் என்பது நிலாவின் தூரத்தைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய பாறை என்பதற்காக வைத்த பெயர் அது, அவ்வளவுதான்.

அளவு விஷயத்திலும் இப்படித்தான். 'கால்பந்து மைதானம் அளவு' என்று ஒரே அடியாக எழுதிவிடுகிறார்கள். தொலைநோக்கியில் சிறுகோள் வெறும் ஒளிப்புள்ளி. அதன் பிரகாசத்தை வைத்துத்தான் அளவை ஊகிக்கிறார்கள். இருட்டில் ஒரு சாக்பீஸ் துண்டின் மேலும் ஒரு பெரிய கரித்துண்டின் மேலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னதாக இருந்தாலும் சாக்பீஸ்தான் பளிச்சென்று தெரியும். அதனால்தான் சித்தி கேட்ட அந்தச் சிறுகோளை, 2024 ஒய்ஆர்4 என்று பெயர், முதலில் 40 முதல் 90 மீட்டர் வரை இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். பிறகு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அகச்சிவப்பில் அளந்த பிறகுதான் சுமார் 60 மீட்டர் என்று தெரிந்தது.

சரி, இப்போது நிறைய பேரைக் கலங்கடித்த விஷயத்துக்கு வருகிறேன். சிலியில் இருக்கும் அட்லாஸ் தொலைநோக்கி 2024 டிசம்பர் 27 அன்று அந்தச் சிறுகோளைக் கண்டுபிடித்தது. மோதும் நாள் 2032 டிசம்பர் 22 ஆக இருக்கலாம் என்று கணக்கு வந்தது. வாய்ப்பு முதலில் 1 சதவீதத்தைத் தாண்டியது, ஏறிக்கொண்டே போய் பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் ஆனது, ஒரு வாரத்துக்குள் 0.004 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஏறும்போது 'பாறை பூமியை நோக்கித் திரும்பிவிட்டது' என்றார்கள், இறங்கியதும் 'விஞ்ஞானிகள் மழுப்புகிறார்கள்' என்றார்கள். இரண்டுமே தவறு. பாறை தன் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது.

சித்திக்கு நான் எழுதிய உதாரணத்தை அப்படியே தருகிறேன். உங்கள் தெருவில் 00 முதல் 99 வரை நூறு வீடுகள், உங்கள் கதவு எண் 44 என்று வையுங்கள். ஒரு பார்சல் வந்திருக்கிறது, ஆனால் மழையில் நனைந்து கதவு எண் அழிந்துபோயிருக்கிறது. அது உங்களுக்கானதாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. காய்ந்த பிறகு முதல் இலக்கம் லேசாகத் தெரிகிறது: 4. இப்போது பத்தில் ஒன்று! வாய்ப்பு பத்து மடங்கு ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம் காய்ந்ததும் அடுத்த இலக்கமும் தெரிகிறது: 7. வாய்ப்பு பூஜ்யம். பார்சலில் எழுதியிருந்தது முதலிலிருந்தே 47தான். சிறுகோள் விஷயத்தில் அந்தத் தெரு, குறிப்பிட்ட நாளில் பாறை எங்கெல்லாம் இருக்கலாம் என்று காட்டும் பல லட்சம் கி.மீ. நீளமுள்ள ஒரு கோடு. 12,742 கி.மீ. விட்டமுள்ள நம் பூமி அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி. புதிதாக ஒவ்வொரு அளவீடு சேரும்போதும் கோடு சுருங்கும், பூமி அதற்குள் இருக்கும்வரை வாய்ப்பு ஏறத்தான் செய்யும். கோட்டின் முனை பூமியைத் தாண்டி நகர்ந்ததும் சடாரென்று விழும்.

இது முன்பே நடந்திருக்கிறது. 2004 டிசம்பரில், அபோபிஸ் என்ற சிறுகோள் 2029-ல் பூமியில் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் வரை போனது. அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் யாரும் கவனிக்காமல் அது பதிவாகியிருந்ததைத் தேடி எடுத்தார்கள், 2029-ல் மோதாது என்று தெரிந்துவிட்டது. 2021-ல் ரேடார் அளவீடுகள் வந்த பிறகு, அடுத்த 100 ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்றார்கள். 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. தூரத்தில் கடந்து போகும். அப்போதும் செய்திகள் பறக்கும், இந்த வரலாற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லாமே வதந்தி என்று ஒதுக்குவதும் தவறுதான். 2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் பாறை ஒன்று வெடித்தது. முன்கூட்டி யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒளி உடனே வந்துவிடும், அதிர்ச்சி அலை வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கண்ணாடிகள் நொறுங்கி, சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் மட்டும் தன் வகுப்பிலிருந்த 44 பிள்ளைகளை மேசைக்கு அடியில் குனியச் சொன்னார். அவருக்குக் கண்ணாடி வெட்டியது, பிள்ளைகளில் ஒருவருக்கும் கீறல் இல்லை. வானத்தில் கண் கூசும் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகி உட்காருங்கள், இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, வயலில் கிடைக்கும் கறுப்புக் கல். என்னிடமே ஒருவர் துணியில் பொதிந்து கொண்டுவந்து காட்டினார். கனமாக இருந்தது, காந்தம் ஒட்டியது. ஆனால் உடைந்த பக்கத்தில் இட்லியைப் பிட்டால் தெரிவதுபோல சின்னச் சின்னக் குமிழித் துளைகள். அது இரும்பு உருக்கிய இடத்துக் கசடு, நம் ஊர்ப்பக்கம் பழைய உலைகள் இருந்த இடங்களில் நிறைய கிடைக்கும். காந்தம் ஒட்டியதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. விண்கல்லில் அப்படிக் குமிழிகள் பெரும்பாலும் இருக்காது. வெளியே மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும், சிலவற்றில் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தியதுபோலக் குழிகள் தெரியும். அப்படி ஒன்று கிடைத்தால் கழுவாதீர்கள், உரசாதீர்கள், உடைத்துப் பார்க்காதீர்கள். கிடந்த இடத்தைப் படமெடுத்து, சுத்தமான பையில் ஈரம் படாமல் வைத்து, பக்கத்தில் நிலவியல் துறை உள்ள கல்லூரியிலோ இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்திலோ காட்டுங்கள். நாட்டில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது.