நடுவயதில் தூக்கத்துக்கு மெக்னீசியம்: தொடங்கும் முறையும் நிறுத்தும் முறையும்

மெக்னீசியம் மாத்திரை வாங்குவதற்கு முன்னால் ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 45 வயதைத் தாண்டிய பெண்கள் பலர், மாதவிடாய் முன்பின்னாக வரத் தொடங்கிய கையோடு தூக்கமும் கெட்டுப்போக, தோழி சொன்னாள் என்றோ கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தோ இந்த மாத்திரையைத் தொடங்குகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பலன் தெரிந்ததா என்று கேட்டால், "ஏதோ பரவாயில்லை" என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடிவதில்லை. தொடங்குவதற்கு முன் தூக்கம் எப்படி இருந்தது என்பதை எங்கும் எழுதி வைக்காததே காரணம்.

மாத்திரை எதுவும் இல்லாமல் ஒரு வாரம், தினமும் காலையில் எழுந்ததும் நான்கு வரி எழுதினால் போதும். உதாரணமாக: "செவ்வாய். 10.30க்குப் படுத்தேன், 11.15 வரை தூக்கம் வரவில்லை. 2.40 இருக்கும், கழுத்தும் நெஞ்சும் குப்பென்று சூடாகி, நைட்டி நனைந்து விழிப்பு. மின்விசிறியைக் கூட்டிவிட்டுப் படுத்தும் ஒரு மணி நேரம் புரண்டேன். மாலை 5.30க்கு ஒரு காபி." விழித்ததற்கான காரணத்தை எழுதுவதுதான் இதில் முக்கியம். சூடும் வியர்வையுமா, சிறுநீர் கழிக்கவா, காலில் குடைச்சலா, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதா, அல்லது காரணமே தெரியாமல் கண் திறந்துகொண்டதா என்று பிரித்து எழுதுங்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் குறட்டை விடுவதாகச் சொன்னால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

ஏழு நாள் குறிப்புகளையும் சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் ஒரு வழி தெரியும். படுத்தவுடன் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத குடைச்சல் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது மெக்னீசியத்தை அன்று, இரும்புச்சத்தை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் உதிரப்போக்கு அதிகமாவது சகஜம் என்பதால், ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சோதித்துவிடுவது நல்லது. குறட்டையும், காலையில் தலைவலியும், பகலில் கண் சொக்குவதும் சேர்ந்து வந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வயதில் எடை கூடும் பெண்களிடம் அது அடிக்கடி கண்டுகொள்ளப்படாமலே போகிறது. தைராய்டும் சர்க்கரையும் தனியே சோதிக்க வேண்டியவை. விழிப்புகளில் முக்கால்வாசி வியர்வையோடு வந்தவை என்றால், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். படுத்துத் தூங்குவதற்கு நெடுநேரம் ஆகிறது, காரணம் தெரியாமல் விழிப்பு வருகிறது என்ற இரண்டு வகைகளில்தான் மெக்னீசியத்தை முயன்று பார்ப்பதில் ஓரளவு பொருள் இருக்கிறது.

ஹார்மோன் என்று போட்டிருக்கிறதே?

டப்பாக்களின் மேல் "ஹார்மோன் சமநிலைக்கு" என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குபவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஏறி இறங்குவது சினைப்பையில் முட்டைகள் தீர்ந்துவருவதால் நிகழ்வது. அதை எந்த உப்பும் நிறுத்தவோ சமன்செய்யவோ முடியாது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதையொட்டி நின்றுபோகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே இந்த ஏற்ற இறக்கம் தொடங்கிவிடுகிறது. மெக்னீசியம் உடம்பில் செய்யும் வேலைகள் ஏராளம். வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதற்கும், இன்சுலின் ஒழுங்காக வேலை செய்வதற்கும் அது தேவை. உடம்பிலுள்ள சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. ஆகவே குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வது நல்லதே. ஆனால் "ஹார்மோன்" என்ற சொல்லுக்காக யாரும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

உடம்பு குப்பென்று சூடாகி வியர்ப்பதற்கும் மெக்னீசியம் உதவும் என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு, ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்த பெண்களிடம் நடந்த ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை வளர்த்தது. பிறகு அமெரிக்காவில் அத்தகைய 289 பெண்களை வைத்து, மெக்னீசியம் ஆக்ஸைடு 800 மி.கி. அல்லது 1200 மி.கி. கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த அந்த ஆய்வில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. மெக்னீசியம் எடுத்தவர்களுக்கு வயிற்றுப்போக்குதான் கூடுதலாக இருந்தது. ஆகவே நோட்டு முழுவதும் வியர்வைக் குறிப்பாக இருந்தால், அதை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போவதே சரி. ஹார்மோன் சிகிச்சை உட்படப் பலன் நிரூபிக்கப்பட்ட வழிகள் அதற்கு இருக்கின்றன.

தூக்கத்தைப் பொறுத்தவரை சான்று கொஞ்சம் இருக்கிறது, மிதமான சான்றுதான். ஈரானில் 46 முதியவர்களுக்கு எட்டு வாரம் தினமும் 500 மி.கி. கொடுத்துச் செய்து 2012இல் வெளியான ஆய்வில் தூக்கமின்மையின் கடுமை குறைந்தது. மூன்று ஆய்வுகளை, மொத்தம் 151 பேரை, ஒன்றுசேர்த்து 2021இல் வெளியான ஓர் அலசலில், படுத்ததிலிருந்து தூங்கும் வரையிலான நேரம் சுமார் 17 நிமிடம் குறைந்ததாகக் கணக்கு வந்தது. ஆய்வுகளின் தரம் குறைவு என்று அலசியவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் புரள்பவருக்கு 17 நிமிடம் அற்பமில்லை. ஆனாலும் அது 17 நிமிடம்தான். எதிர்பார்ப்பை அந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. கெண்டைக்கால் பிடிப்புக்காக வாங்குபவர்கள் பலர் உண்டு. முதியவர்களிடம் செய்த ஆய்வுகளில் அதற்கும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

யார் தொடக்கூடாது

சிறுநீரகம்தான் உபரி மெக்னீசியத்தை வெளியேற்றுகிறது. அது தளர்ந்திருந்தால் மெக்னீசியம் இரத்தத்தில் சேர்ந்து, உடல் தளர்ச்சி, இரத்த அழுத்தம் இறங்குதல், இதயத் துடிப்பு மந்தமாதல் என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனையைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. இதயத் துடிப்பின் மின்கடத்தலில் தடை உள்ளவர்களும், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை நோய் உள்ளவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

இரத்தத்தில் மெக்னீசியம் அளவைச் சோதிக்கலாமா என்று கேட்பார்கள். உடம்பின் மொத்த மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் இருப்பதில்லை. அதனால் சோதனையில் குறைவாக வந்தால் குறைபாடு நிச்சயம், சரியாக வந்தால் குறைபாடு இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. காலையில் வெறும் வயிற்றில் "கேஸ் மாத்திரை" போடுவது பல வீடுகளில் பல்துலக்குவதைப் போலப் பழக்கமாகிவிட்டது. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகையைச் சேர்ந்த அந்த மாத்திரைகளை ஓராண்டுக்கு மேல் எடுத்தால் மெக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்தது. அத்தகையவர்களுக்கும், நீர் பிரிக்கும் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் இந்தச் சோதனை பயனுள்ளது.

டப்பாவின் பின்பக்கம்

கடையில் டப்பாவைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் "மெக்னீசியம் கிளைசினேட் 2000 மி.கி." என்று இருக்கும். அது சேர்மத்தின் மொத்த எடை. அதில் கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் எடையே பெரும்பங்கு. தூய கிளைசினேட்டில் மெக்னீசியம் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு, ஆகவே 2000 மி.கி.க்குக் கிடைப்பது 280 மி.கி. அதுவும் "ஒரு வேளை அளவு 2 மாத்திரை" என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், ஒரு மாத்திரைக்கு 140தான். இந்த அளவைத்தான் பின்பக்க அட்டவணையில் "எலிமென்டல் மெக்னீசியம்" என்று குறித்திருப்பார்கள். நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டிய எண் அது ஒன்றே. அந்த எண்ணே போடாத டப்பாவை அங்கேயே வைத்துவிடுங்கள். மாறாக, 1000 மி.கி. கிளைசினேட்டிலிருந்து 200 மி.கி.க்கு மேல் கிடைப்பதாக எழுதியிருந்தால், விலை மலிவான ஆக்ஸைடை உள்ளே கலந்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். இவை நம் நாட்டில் பெரும்பாலும் மருந்தாக அல்லாமல் உணவுப் பொருளாகவே விற்கப்படுவதால், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆக்ஸைடில் நூற்றுக்கு 60 பங்கு மெக்னீசியம் உண்டு, ஆனால் குடல் அதை நன்றாக உறிஞ்சுவதில்லை. மீதி மலத்தை இளக்கிக்கொண்டு வெளியேறும். சிட்ரேட்டில் 16 பங்கு. நன்றாக உறிஞ்சப்படும், மலத்தையும் சற்று இளக்கும் என்பதால் மலச்சிக்கலும் உள்ளவர்களுக்கு இதையே சொல்வேன். வயிறு சட்டென்று கெட்டுப்போகும் உடல்வாகு என்றால் கிளைசினேட். எட்டுப் பங்கே மெக்னீசியம் உள்ள த்ரியோனேட் விலையில் இவற்றையெல்லாம் தாண்டி நிற்கிறது; மூளைக்குள் நேரே போகும் என்ற விளம்பரத்துக்கு ஈடான சான்று இன்னும் வந்துவிடவில்லை. எப்சம் உப்பு என்று அழகான பொட்டலத்தில் விற்பது நம் பாட்டிகளுக்குப் பேதி உப்பாக அறிமுகமான அதே மெக்னீசியம் சல்ஃபேட்தான். வெந்நீரில் போட்டுக் காலை ஊறவைத்தால் இதமாக இருக்கும். அந்த இதம் வெந்நீர் தருவது, தோல் வழியாக மெக்னீசியம் பொருட்படுத்தும் அளவுக்கு உள்ளே போவதில்லை. சத்து மாத்திரைக்குப் பதிலாக அதைக் குடிப்பது கூடவே கூடாது.

அளவும் நேரமும்

எலிமென்டல் அளவில் 100 மி.கி.யில் தொடங்குங்கள். இரவு உணவுக்குப் பின், படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் வயிறு ஏற்றுக்கொண்டால் 200க்குப் போகலாம். மாத்திரை வழியாக வரும் மெக்னீசியத்துக்கு ஐரோப்பாவில் 250 மி.கி., அமெரிக்காவில் 350 மி.கி. என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். உணவில் வருவது இந்த வரம்பில் சேராது. மலம் தண்ணீராகப் போனால் அளவு கூடிவிட்டது என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். ஏற்கெனவே எடுக்கும் கால்சியம் மாத்திரையிலும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் பால் போன்ற மருந்திலும் மெக்னீசியம் இருக்கலாம். அவற்றையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். தைராய்டு மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டைக் காலையிலும் இதை இரவிலும் எடுத்தால் அந்தக் கவலை தானே தீர்ந்துவிடும். எலும்புத் தேய்மானத்துக்காக வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். இரும்புச்சத்து மாத்திரையை இரவில் போடுபவர்கள் அதை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உடல் குப்பென்று சூடாவதைக் குறைக்கச் சிலருக்கு இரவில் கபாபென்டின் எழுதித் தருவார்கள். அதற்கும் மெக்னீசியத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லிகளை எடுக்கும் ஐந்தாறு நாட்களுக்கு மெக்னீசியத்தை நிறுத்திவிடுவதே எளிது, ஏனென்றால் அது அந்த மருந்தோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் உடம்பில் சேராமல் செய்துவிடும்.

அடுப்படியையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 30 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 320 மி.கி. தேவை என்று அமெரிக்காவில் வரையறுத்திருக்கிறார்கள். நூறு கிராம் தீட்டிய பச்சரிசியில் இருப்பது ஏறக்குறைய 19 மி.கி.; தீட்டாத அரிசியில் 94; கேழ்வரகில் 146. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியுமாக ஓடும் வீட்டில் குறைபாடு எங்கிருந்து வருகிறது என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும். ஒரு வேளை கேழ்வரகுக் களியோ அடையோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கிண்ணம் கீரை என்று மாற்றினாலே ஒரு மாத்திரைக்கு நிகரான மெக்னீசியம் வந்துவிடும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால், மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைந்து உடம்பில் கூடுதலாகச் சேரும். கீரை வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடுங்கள்.

மாத்திரை எடுக்கும் நாட்களில் வேறு எதையும் புதிதாகத் தொடங்காமல் இருப்பது முக்கியம். மாலைக் காபியை நிறுத்தியதும் மாத்திரையைத் தொடங்கியதும் ஒரே வாரமாக இருந்தால், எது உதவியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. காபியை முதலில் நிறுத்திப் பார்ப்பதே மேல். அதற்குச் செலவும் இல்லை. நான்காவது வாரத்திலும் எட்டாவது வாரத்திலும் மறுபடி ஏழேழு நாள் குறிப்பெடுத்து, முதல் வாரப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். தூங்க எடுக்கும் நேரமோ விழிப்புகளின் எண்ணிக்கையோ குறைந்திருந்தால், இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். பழைய தொல்லை திரும்பினால் உங்களுக்கு அது உதவுகிறது, குறைந்த அளவில் தொடரலாம், ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுத்திய பிறகும் தூக்கம் அப்படியே இருந்தால் டப்பா தீர்ந்ததும் மறுபடி வாங்க வேண்டியதில்லை. எட்டு வாரத்திலும் மாற்றமே இல்லை என்றால், தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக 2016 முதல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு பரிந்துரைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பற்றி மனநல மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே முதல் நாளே தூக்கக் குறிப்பு எழுதச் சொல்வார்கள், உங்கள் நோட்டு தயாராக இருக்கும்.