டியூஷன் பிள்ளைகளுக்குத் தனி வைஃபை: ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் போடுவது எப்படி?

பெங்களூரு அல்சூரில் எங்களுடையது பழைய காலத்து வீடு. மாலையில் மனைவி டியூஷன் எடுக்கிறாள். ஒரு பிள்ளை "அங்கிள், வைஃபை பாஸ்வேர்டு?" என்று கேட்டால் போதும், மறுநாள் பத்துப் பேருக்கும் தெரிந்திருக்கும். சரி, பிள்ளைகள்தானே என்று விட்டிருந்தேன். ஒருநாள் என் பிரிண்டர் தானாக உறுமி, ஒரு கிரிக்கெட் வீரர் படத்தை நான்கு தாளில் கக்கியது. அன்றைக்குத்தான் ரூட்டருக்குள் நுழைந்தேன்.

முதலில் ரூட்டரைத் திருப்பி, அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 போல ஓர் எண்ணும், யூசர்நேமும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். போனை வீட்டு வைஃபையில் இணைத்துக்கொண்டு, பிரவுசரில் அந்த எண்ணை அடியுங்கள். இங்கே கேட்பது ரூட்டரின் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு அரை மணி நேரம் வீணாக்கியவன் நான். உள்ளே போனதும் ரூட்டர் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

அடுத்து வயர்லெஸ் பகுதியில் கெஸ்ட் நெட்வொர்க் இருக்கிறதா என்று தேடுங்கள். அதை ஆன் செய்து, தனிப் பெயர் வையுங்கள். பாதுகாப்பு முறை என்று கேட்கும் இடத்தில் டபிள்யூபிஏ2 (WPA2) அல்லது டபிள்யூபிஏ3 (WPA3) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து. விருந்தினர் வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்கலாமா என்று ஒரு கட்டம் இருந்தால், அதில் டிக் வேண்டாம். முழு விஷயமும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. டிக் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு இணையம் மட்டும் கிடைக்கும்; பிரிண்டரும் கம்ப்யூட்டரும் அவர்கள் கண்ணில் படாது. வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி சில ரூட்டர்களில் உண்டு. எங்கள் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கெஸ்ட்டுக்கு 20 கொடுத்திருக்கிறேன். யூடியூப் பாடத்துக்கு அது தாராளம்.

வைஃபை அலைவரிசை 2.4 ஜிகாஹெர்ட்ஸா, 5 ஜிகாஹெர்ட்ஸா என்று கேட்டால்: 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் களைத்துவிடும். 2.4 மெதுவானது, தூரம் போகும். எங்கள் தடித்த சுவருக்கு கெஸ்ட்டை 2.4-இல் போட்டேன். அக்கம்பக்கத்து ரூட்டர்களால் அது திணறினால், சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் உள்ள தடத்தை, 1, 6, 11 என்று மாற்றிப் பாருங்கள். அந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. ரூட்டர் பக்கத்திலேயே டிவி இருந்தால் வைஃபை எதற்கு? பின்னால் உள்ள லேன் துளையில் கேபிளைச் செருகிவிடுங்கள். அப்புறம், வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே ஒரு பட்டனிலோ பின் எண்ணிலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ் (WPS) ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கடைசி வேலைதான் கொஞ்சம் எரிச்சல். பழைய வைஃபை பாஸ்வேர்டுதான் ஊருக்கே தெரியுமே, அதை மாற்றாமல் கெஸ்ட் போட்டுப் பயனில்லை. மாற்றியதும் வீட்டு வைஃபையில் உள்ள எல்லாக் கருவியும் துண்டித்துக்கொள்ளும்; ஒவ்வொன்றிலும் புதிதாக அடிக்க வேண்டும். எங்கள் டிவி இருப்பது உள்ளறையில், கேபிள் எட்டாது. ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி 14 எழுத்தையும் அடித்து முடிப்பதற்குள், மனைவி இரண்டு கணக்கு நடத்தி முடித்துவிட்டாள்.