பார்லர் வேலை கத்துக்கிற பிள்ளைங்களுக்கு கிருமி பாடம், வயல்லேர்ந்து ஆரம்பிப்போம்

பியூட்டிஷியன் கோர்ஸ் சேர்ற பிள்ளைங்க முதல் வாரம் நல்லா சிரிச்சிகிட்டு வருவாங்க, த்ரெட்டிங் நூல கையில குடுத்தா ஒரே குஷி, ரெண்டாவது வாரம் போர்டுல மைக்ரோபயாலஜின்னு எழுதுனதும் மூஞ்சி தொங்கிரும். போன பேட்ச்ல ஒரு பொண்ணு, அக்கா நான் காமர்ஸ் குரூப்பு, எனக்கு இதெல்லாம் வராதுன்னு கண்ணு கலங்கிருச்சு. அவங்க அப்பா திருவாரூர் பக்கம் சம்பா போடுறவரு. உங்க வயல்ல குலைநோய் வந்துருக்கான்னு கேட்டேன். வந்துருக்குக்கா, இலையில கண்ணு கண்ணா புள்ளி விழும்னா. அது பூஞ்சை. இலை நுனிலேர்ந்து ஓரமா காஞ்சிகிட்டே கீழ இறங்குமே, அது பாக்டீரியா இலை கருகல். பயிரு மஞ்சளாகி வளராம குட்டையா நிக்குமே, துங்ரோன்னு சொல்வாங்க, அது வைரஸ், அதுவா நடந்து வராது, பச்சை தத்துப்பூச்சி ஒரு பயிர்ல சாறு குடிச்சிட்டு அடுத்த பயிர்ல போய் உக்காரும்போது கூடவே தூக்கிட்டு போகுது. பாதி சிலபஸ் முடிஞ்சிருச்சு போன்னேன். பார்லர்ல அந்த தத்துப்பூச்சி வேலைய பாக்குறது நம்ம கையி, சீப்பு, டவலு, நூலு. இத மட்டும் பிடிச்சிக்கிட்டா மிச்சம் தானா வரும்.

முதல்ல பாக்டீரியா. ஒரே ஒரு செல்லு, ஆனா சாப்பிடும், வளரும், ரெண்டா பிரியும். ஸ்டெஃபைலோகாக்கஸ்னு ஒன்னு நம்ம தோல்லயும் மூக்குலயும் சும்மாவே குடியிருக்கும், அதோட குறுக்களவு சுமார் 1 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடி தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர், அப்ப முடிக்கு குறுக்கால 70 பேர வரிசையா நிக்க வெக்கலாம், கண்ணுக்கு எங்க தெரியப்போகுது. எக்ஸாம்ல வடிவம் கண்டிப்பா கேப்பாங்க. காக்கஸ் கடுகு மாதிரி உருண்டை, பேசில்லஸ் சீரகம் மாதிரி நீளம், ஸ்பைரில்லம் முறுக்கு மாதிரி சுருளு. காக்கஸ் கொத்தா திராட்சை மாதிரி இருந்தா ஸ்டெஃபைலோ, பாசிமணி கோத்தாப்ல வரிசையா இருந்தா ஸ்ட்ரெப்டோ.

எவ்வளவு வேகமா பெருகும்ங்கிறதுக்கு உங்க வீட்டு மாவு சட்டியே போதும். ராத்திரி பத்து மணிக்கு இட்லி மாவ கரைச்சி வெச்சா காலையில ஆறு மணிக்கு மூடிய தள்ளிகிட்டு பொங்கி நிக்குதே, அது பாக்டீரியா பண்ற வேலைதான். சூடு, ஈரம், சாப்பாடு மூணும் சரியா கெடைச்சா சில பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒருவாட்டி ரெண்டாகும். கணக்கு போட்டு பாருங்க, ஒன்னுல ஆரம்பிச்சா எட்டு மணி நேரத்துல 24 தடவ இரட்டிப்பாகி 1 கோடியே 67 லட்சத்த தாண்டிரும். நிஜத்துல சாப்பாடு தீந்துரும், இடம் பத்தாது, அவ்வளவு ஆகாது, ஆனா ஃபேஷியல் பண்ண ஈர ஸ்பாஞ்ச சுருட்டி டிராயர்ல போட்டுட்டு வீட்டுக்கு போறீங்களே, அதுவும் ஒரு மாவு சட்டிதான். எல்லா பாக்டீரியாவும் கெட்டதுன்னு எழுதிராதீங்க, மார்க் போயிரும். சம்பா அறுத்துட்டு உளுந்து விதைக்கிறோமே, அந்த வேர்ல முடிச்சு முடிச்சா இருக்குறது ரைசோபியம், மண்ணுக்கு தழைச்சத்து சேத்து குடுக்குது. தயிரும் பாக்டீரியா தயவுதான்.

வைரஸ் இன்னும் பொடிசு. அது தனியா பெருகாது, நம்ம செல்லுக்குள்ள பூந்தாதான் வேலை. மரு, உதட்டோரம் கொப்புளிக்கிற ஹெர்பிஸ், அக்கி, எல்லாம் வைரஸ். நம்ம தொழில்ல நான் ரொம்ப பயப்படுறது ஈரல கெடுக்குற ஹெபடைடிஸ் பி, ஏன்னா அது ரத்தத்துல பரவும், காஞ்ச ரத்தத்துல கூட ஏழு நாளைக்கு கொறையாம உயிரோட இருக்கும். நேத்து ஒருத்தருக்கு பிளாக்ஹெட் எடுத்த ஊசியில கண்ணுக்கு தெரியாத ரத்தம் ஒட்டிருந்தா இன்னிக்கி அடுத்தவங்களுக்கு போயிரும். இதுக்கு தடுப்பூசி இருக்கு, மூணு டோஸ், முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு ஒன்னு, ஆறாவது மாசம் ஒன்னு. கோர்ஸ் ஃபீஸ் கட்டுறப்பவே அதையும் போட்டுக்கங்கன்னு நான் எல்லாருகிட்டயும் சொல்றது. ஹெபடைடிஸ் சி-க்கு தடுப்பூசியே கெடையாது, அதுக்கு ஜாக்கிரதை மட்டுந்தான்.

பூஞ்சைன்னா படர்தாமரை, நகம் தடிச்சி மஞ்சளா போறது. பொடுகு ஒட்டிக்குமான்னு வாரம் ஒரு கஸ்டமராவது கேப்பாங்க. மலசீசியாங்கிற பூஞ்சை எல்லார் தலையிலயும் இருக்கு, மண்டையில சுரக்குற எண்ணைய தின்னுட்டு கெடக்கும், சிலருக்கு அது ஒத்துக்காம செதில் உதிருது, அவ்வளவுதான், சீப்பு மாத்துனதால வந்துச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சண்டைக்கு போக வேண்டாம். ஆனா தலையில வர்ற படர்தாமரை சீப்பு வழியா நல்லாவே பரவும். வட்டமா முடி கொட்டி, ஓரம் செதில் செதிலா இருந்தா கை வெக்காதீங்க.

பேன், சொறி சிரங்கு பூச்சி இதெல்லாம் ஒட்டுண்ணி கணக்கு. ஈறா பொடுகான்னு தெரியலன்னா விரலால தட்டி பாருங்க, பொடுகு உதிரும், ஈறு முடியோட ஒட்டிகிட்டு நிக்கும்.

இப்ப வேலைக்கு வருவோம். கழுவுறது, கிருமிநாசினில போடுறது, ஸ்டெரிலைஸ் பண்றது, அதாவது ஒரு கிருமி விடாம கொல்றது, மூணும் வேற வேற. இத குழப்பிக்கிறவங்கதான் அதிகம், நான் கத்துக்கிட்ட பார்லர்ல கூட நீலமா ஒரு கிருமிநாசினி தண்ணி ஜாடி இருக்கும், வர்ற கத்திரி போற சீப்பு எல்லாம் முடியோட அப்படியே உள்ள போகும், அடியில முடி சேத்து மாதிரி படிஞ்சி கெடக்கும், எப்ப மாத்துனதுன்னு ஓனருக்கே தெரியாது. அதுல போட்டு எடுக்குறது ஊறுகா ஜாடில கை விட்டு எடுக்குற மாதிரிதான். முடி, எண்ணெ, செத்த தோலு இதெல்லாம் ஒட்டிருந்தா மருந்து உள்ள போய் கிருமிய தொடவே தொடாது. அதனால முதல்ல முடிய எடுத்துட்டு, சோப்பு போட்டு பிரஷ்ஷால தேச்சி, ஓடுற தண்ணில அலசி, துடைச்சி, அதுக்கு அப்பறம்தான் மருந்து. ஈரத்தோட போட்டா மருந்து நீத்துப்போயிரும்.

ஸ்பிரிட் வாங்கும்போது ஆல்கஹால் 70 சதவீதம்னு பாத்து வாங்குங்க. 99 சதவீதம் இன்னும் பவருன்னு நெனைப்பீங்க, அது சட்டுனு ஆவியாயிரும், அதோட கிருமியோட புரதத்த கெடுக்குறதுக்கு கொஞ்சம் தண்ணியும் வேணும். தெளிச்சவுடனே துடைக்காதீங்க, தானா காயட்டும். வாக்ஸ் ஹீட்டர் பக்கத்துல மட்டும் வேண்டாம், குப்புனு தீ பிடிச்சிரும். ரத்தம் பட்ட இடத்துக்கு சோடியம் ஹைப்போகுளோரைட், பாட்டில்ல 5 சதவீதம்னு போட்டுருந்தா ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி, பத்து நிமிஷம் கடிகாரத்த பாத்து விடணும், தெனமும் புதுசா கலக்கணும், இரும்பு சாமான்னா அப்பறம் நல்லா அலசலன்னா துரு ஏறும். முகத்துக்கு போடுற பிளீச் வேற இது வேற, தயவுசெஞ்சு குழப்பிக்காதீங்க, அந்த பிளீச்லயும் ஹேர் டைலயும் அம்மோனியா இருக்கும், அதோட இது கலந்தா விஷ வாயு வரும், டாய்லெட் கழுவுற ஆசிட்டோட கலந்தா அத விட மோசம். ஒரே பக்கெட்ல எல்லாத்தையும் ஊத்துற பழக்கம் சிலருக்கு இருக்கு, அதான் சொல்றேன்.

இதெல்லாம் பண்ணாலும் சாகாத ஒன்னு உண்டு, ஸ்போர்னு பேரு, சில பாக்டீரியா ஆபத்து வந்தா விதை மாதிரி கெட்டி ஓடு போட்டுகிட்டு தூங்கிரும். வைக்கல்ல கோட்டை கட்டி வெச்ச விதைநெல்லு மாதிரி, ஈரம் பட்டா திரும்ப முளைக்கும். கொதிக்கிற தண்ணிக்கும் அசராது. அதுக்குத்தான் ஆட்டோகிளேவ், வீட்டு குக்கர் எப்படியோ அதே தத்துவம், அழுத்தத்துல நீராவி 121 டிகிரிக்கு ஏறும், 15 நிமிஷத்துக்கு கொறையாம வெக்கணும். தோல குத்துற எந்த சாமானும் ஒன்னு ஒருதடவ போட்டு தூக்கி எறியிறதா இருக்கணும், இல்ல ஆட்டோகிளேவ்ல போனதா இருக்கணும். நீல லைட் எரியுதே யூவி பெட்டி, அது வெளிச்சம் படுற மேல்பக்கத்த மட்டும்தான் பாக்கும், சீப்பு பல்லு இடுக்குக்கு எட்டாது, சுத்தம் பண்ணத எடுத்து வெக்கிற அலமாரின்னு நெனைச்சிக்கங்க.

நூல் விஷயத்துல நான் சண்டைக்கே போவேன். த்ரெட்டிங் நூலோட ஒரு முனைய பல்லுல கடிச்சிகிட்டு பண்றாங்க, நம்ம எச்சில் அவங்க புருவத்துல, அவங்க தோல்ல இருக்குறது நம்ம வாயில. த்ரெட்டிங் பண்ண எடத்துல மரு வந்ததா டாக்டருங்க எழுதியே வெச்சிருக்காங்க. கழுத்துல மாட்டி இழுக்குற முறைய பழகுங்க, முதல் ஒரு மாசம் கோணலா வரும், பரவால்ல. ஒரு ஆளுக்கு ஒரு துண்டு நூல், முடிஞ்சா குப்பைக்கு. வாக்ஸ்லயும் அப்படித்தான், கால்ல தடவுன ஸ்பேட்சுலாவ திரும்ப டப்பால முக்குனா அந்த சூட்டுல கிருமி செத்துரும்னு ஒரு நம்பிக்கை, தோலு தாங்குற சூட்ட நம்பாதீங்க. படிகார கட்டியையும் எல்லார் முகத்துலயும் ஒன்னையே தேய்க்காதீங்க, பொடி பண்ணி வெச்சிகிட்டு பஞ்சுல தொட்டு வெய்ங்க.

பெடிக்யூர் டப்பு பத்தி ஒரு கதை. 2000ல அமெரிக்காவுல கலிபோர்னியாவுல ஒரு நெயில் சலூனுக்கு போன நூறு பேருக்கு மேல முழங்காலுக்கு கீழ கட்டி கட்டியா கெளம்பிருச்சு, மாசக்கணக்குல ஆறல. தேடி பாத்தா சுழல் தொட்டில தண்ணி இழுக்குற சல்லடைக்கு பின்னாடி முடியும் தோலும் அடைஞ்சி கெடந்துருக்கு, அதுக்குள்ள மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்டூயிட்டம்ங்கிற பாக்டீரியா. முன்னாடியே காலுக்கு ஷேவ் பண்ணிட்டு போனவங்களுக்கு ஆபத்து கூட இருந்துச்சு. அதனால சல்லடைய கழட்டி தேய்ங்க, பெடிக்யூர் அன்னிக்கி ஷேவ் பண்ண வேண்டாம்னு கஸ்டமர்கிட்ட சொல்லுங்க, என்னைய கேட்டா நம்ம ஊருக்கு சாதா பிளாஸ்டிக் டப்பே போதும், கழுவ ஈசி.

கஸ்டமருக்கு ஏதோ இருக்குன்னு தெரிஞ்சா நீங்களே பேர் வெக்காதீங்க, நம்ம டாக்டர் கெடையாது. அக்கா, இந்த எடத்துல தோல் ஒரு மாதிரி இருக்கு, தோல் டாக்டர பாத்துட்டு வாங்க, நான் அப்பறம் பண்ணி விடுறேன்னு மெதுவா, பக்கத்து சேர்ல உள்ளவங்களுக்கு கேக்காம சொல்லுங்க. கையில வெட்டு பட்டா வாயில வெச்சி உறிஞ்சாதீங்க, ஓடுற தண்ணில சோப்பு போட்டு கழுவுங்க, அடுத்தவங்க ரத்தம் பட்டுருந்தா அன்னிக்கே டாக்டர்.

ஐப்பசி கார்த்திகை அடைமழைல நம்ம பக்கம் டவல் காயவே காயாது, எல்லாருக்கும் தெரிஞ்ச கஷ்டம். நான் ஒரு தடவ கும்பகோணத்துலேர்ந்து மன்னார்குடி கல்யாணத்துக்கு பிரஷ்ஷயும் ஸ்பாஞ்சையும் கழுவி ஈரத்தோட டப்பால மூடி பஸ்ல எடுத்துட்டு போனேன், ரெண்டு நாள் கழிச்சி தொறந்தா குப்புனு பூஞ்ச நாத்தம், ஸ்பாஞ்சுல கறுப்பு புள்ளி, பொண்ணு முகத்துல எத வெச்சி பவுண்டேஷன் போடுறது, கை விரலாலயே சமாளிச்சேன். மழை மாசத்துல டவல் டஜன் கூட வாங்கி வெய்ங்க, சுடுதண்ணில தொவைச்சி, ஃபேன் அடில காய வெச்சி, முழுசா காஞ்சதும் அயர்ன் போட்டு மூடுன அலமாரில வெய்ங்க, அரைகொறையா காஞ்சத மடிக்காதீங்க.

யூஸ் பண்ண பிளேட கெட்டியான டின்னுல போட்டு மூடி, ரொம்புனதும் டேப் சுத்தி மேல எழுதி, துப்புரவு பணிக்கு வர்றவங்க கையில சொல்லி குடுங்க. ராத்திரி கடை சாத்திட்டு வாய்க்கால் ஓரம் கொட்டிட்டு போயிராதீங்க, மேட்டூர்ல தண்ணி தொறந்தா அதெல்லாம் அடிச்சிகிட்டு நேரா வயலுக்குத்தான் போகும், நடவுக்கு எறங்குறவங்க வெறுங்காலோடதான் எறங்குறாங்க.